பகலில் செய்தி, இரவில் சினிமா: ஒரு டிவி தேர்வும் ஒரு வாரண்டி முடிவும்

இந்த ஆய்வில் வரும் குடும்பத்தின் முன் இரண்டு கேள்விகள் இருந்தன. எந்த வகைத் திரை வாங்குவது? கடையில் சொல்லும் கூடுதல் வாரண்டியை எடுப்பதா, வேண்டாமா? பெரும்பாலான வீடுகளில் முதல் கேள்வியை வாரக்கணக்கில் அலசுகிறார்கள். இரண்டாவதற்கு, பில் போடும் மேசையில் நின்றபடி இரண்டே நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இவை இரண்டும் ஒரே கேள்விதான். ஒவ்வொரு வகைத் திரையும் ஒவ்வொரு விதமாகக் கெட்டுப்போகும். அது தெரியாமல் திரையைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, வாரண்டியை எடைபோடவும் முடியாது. டிவி பழுதுபார்க்கும் தொழிலில் நீண்ட காலமாக இருப்பவன் என்பதால், நண்பர் ஒருவர் என்னையும் இந்த முடிவுக்குள் இழுத்தார். நடந்ததை முழுவதுமாக எழுதிவைக்கிறேன்.

வீடும் பார்க்கும் பழக்கமும்

நண்பர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், நண்பரின் அம்மா. நான்கு பேருக்கும் ஒரே டிவி. கூடத்தில் இரண்டு பெரிய ஜன்னல்கள், அதில் ஒன்று திரைக்கு நேர் எதிரே. சோபாவிலிருந்து திரை சுமார் 2.5 மீட்டர் தூரம். பக்கச் சுவரை ஒட்டி இன்னொரு இருக்கை உண்டு. அதில் உட்கார்ந்தால் திரையை 45 டிகிரி சாய்வில்தான் பார்க்க முடியும்.

பழைய டிவி 40 அங்குல எல்இடி. ஒலி வந்தது, படம் வரவில்லை. இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது திரையில் உருவங்கள் மங்கலாக அசைவது தெரிந்தது. பேனல், அதாவது படம் காட்டும் திரைப் பலகை, நன்றாக இருக்கிறது, பின்னாலிருக்கும் விளக்கு போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். சரிசெய்து அம்மாவின் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன், அப்படியே செய்தார்கள். கூடத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும்.

நண்பர் அதற்குள் ஷோரூம் போய் ஓஎல்இடி என்ற வகைத் திரையைப் பார்த்து மயங்கியிருந்தார். "கறுப்புன்னா அப்படி ஒரு கறுப்புப்பா" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இருந்தாலும், கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் யார், எப்போது, என்ன பார்க்கிறார்கள் என்று குறித்துவைக்கச் சொன்னேன். இதை யாருமே செய்வதில்லை, ஆனால் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை. குறிப்பைப் பார்த்தபோது ஒரு நாளைக்குச் சுமார் ஒன்பது மணி நேரம் டிவி ஓடியிருந்தது. அதில் ஐந்தாறு மணி நேரம் அம்மா பார்க்கும் ஒரே செய்திச் சேனல், அதுவும் பகல் வெளிச்சத்தில். மாலையில் மகளின் கேம் கன்சோல். இரவில் கணவனும் மனைவியும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும் படம், சராசரியாக இரண்டு மணி நேரம்கூட இல்லை.

நண்பர் மயங்கியது அந்த இரண்டு மணி நேரத்துக்கான திரையைப் பார்த்து. மீதி ஏழு மணி நேரத்தை அவர் யோசிக்கவே இல்லை.

மூன்று திரைகள்

கடைசியில் பட்டியலில் மூன்று நின்றன. 55 அங்குல ஓஎல்இடி, அதைவிடக் கொஞ்சம் விலை குறைந்த 65 அங்குல மினி எல்இடி, கிட்டத்தட்டப் பாதி விலையில் 65 அங்குல சாதாரண எல்இடி. நீள அகலத்தைப் பெருக்கிப் பார்த்தால் 65 அங்குலத் திரையின் பரப்பு 55 அங்குலத்தைவிட 40 சதவீதம் அதிகம். அங்குல எண்ணை மட்டும் பார்த்தால் இவ்வளவு வித்தியாசம் இருப்பது தெரியாது.

பெயர்களில் இருக்கும் குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. கடைகளில் எல்இடி டிவி என்று விற்பது எல்சிடி டிவிதான். எல்சிடியில் இருக்கும் திரவப் படிகப் படலம் தானாக ஒளி விடாது. பின்னாலிருந்து வரும் ஒளியை அது விடும் அல்லது தடுக்கும், அவ்வளவே. முன்பு அந்த ஒளிக்கு மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. அவற்றின் இடத்தில் எல்இடி வந்ததும் டிவிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. க்யூஎல்இடி என்பதும் இதே குடும்பம்தான். பின்விளக்குக்கும் படிகத்துக்கும் இடையில் குவாண்டம் டாட் படலம் ஒன்று இருக்கும். நீல ஒளியின் ஒரு பகுதியை அது தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருவதால் நிறங்கள் செறிவாகத் தெரியும். இந்த நுண்துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகத்தான் மௌங்கி பாவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் மூவருக்கும் 2023-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பெரிய கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் க்யூஎல்இடி என்ற எழுத்துகளைப் பார்த்து அதை ஓஎல்இடிக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பரின் மனைவி அப்படித்தான் நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. படத்தை உருவாக்கும் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) தானே எரியும், தானே அணையும். கரிமச் சேர்மங்களின் மெல்லிய அடுக்குகளைக் கொண்டு இதைச் செய்ய முடியும் என்று 1987-இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் காட்டினார்கள். 2007-இல் சோனி 11 அங்குலத்தில் ஒரு ஓஎல்இடி டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் எல்ஜி 55 அங்குலத்தில் கொண்டுவந்தது. புள்ளி முழுதாக அணைந்துவிடுவதால் கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. புள்ளிகள் மாறும் வேகமும் எல்சிடியைவிடப் பல மடங்கு அதிகம்.

மினி எல்இடி எல்சிடிதான். ஆனால் பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி எல்இடிகள் இருக்கும். அவற்றை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருண்ட காட்சி வரும் இடத்தில் விளக்கைக் குறைத்து, வெளிச்சமான இடத்தில் கூட்டுவார்கள். பகுதிகள் எவ்வளவு இருந்தாலும் புள்ளிகள் 80 லட்சத்துக்கு மேல். அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை வசன வரி வந்தால் அதைச் சுற்றி லேசான ஒளிவட்டம் தெரியும்.

மூன்றாவது டிவியில் எல்இடிகள் ஓரத்தில் மட்டும் இருக்கும். ஒளிகடத்தும் பிளாஸ்டிக் தகடு ஒன்று அந்த ஒளியைத் திரை முழுக்கப் பரப்பும். டிவி மெலிதாக அழகாக இருக்கும், விலையும் குறையும். ஆனால் வெப்பமெல்லாம் ஒரே ஓரத்தில் சேர்கிறது. ஆண்டுகள் போகப் போக ஒரு பக்கம் மங்குவது, மூலையில் வெளிச்சம் கசிவது, உள்ளிருக்கும் படலங்கள் நெளிவது எல்லாம் இந்த வகையில்தான் அதிகமாக என் மேசைக்கு வருகின்றன. அதனால் பட்டியலிலிருந்து இதைத்தான் முதலில் எடுத்தேன். நண்பரின் மனைவிக்கு அதில் வருத்தம். விலை பாதிதானே என்றார். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓடும் வீடு இது என்பதால்தான் வேண்டாம் என்றேன். இரண்டு மணி நேரம் ஓடும் வீடாக இருந்திருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஜன்னல் சொன்ன கணக்கு

மிச்சமிருந்தது ஓஎல்இடியா, மினி எல்இடியா என்பது. ஷோரூமில் ஓஎல்இடி வென்றது எப்படி, கூடத்தில் அது தோற்கக் காரணம் என்ன என்பதை நண்பருக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

திரையின் ஒளியை நிட் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்றால் ஒரு நிட். ஓஎல்இடியில் சின்னப் பகுதி மட்டும் வெள்ளையாக இருந்தால் அது மிகப் பிரகாசமாக எரியும். திரை முழுக்க வெள்ளையானால் மின்சுமையும் சூடும் ஏறிவிடாதபடி டிவியே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். செய்திச் சேனலும் விளையாட்டு மைதானமும் பெரும்பாலும் முழுத்திரை வெளிச்சம்தான். கணக்குக்காக ஓஎல்இடி 200 நிட், அதன் கறுப்பு 0 என்று வைத்துக்கொள்வோம். மினி எல்இடி 600 நிட், அதன் கறுப்பு 0.15 நிட். பகலில் எதிர் ஜன்னலின் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புவது 2 நிட் என்றால், அந்த 2 வெள்ளையிலும் சேரும், கறுப்பிலும் சேரும்.

வெள்ளையைக் கறுப்பால் வகுத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) கிடைக்கும். ஓஎல்இடி: 202-ஐ 2-ஆல் வகுத்தால் 101. மினி எல்இடி: 602-ஐ 2.15-ஆல் வகுத்தால் 280. பகல் வெளிச்சத்தில், கறுப்பில் ஒளியே கசியாத திரையைவிடக் கொஞ்சம் கசியும் திரை கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேறுபாடு காட்டுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டால் திரும்பும் ஒளி 0.01 நிட் ஆகிறது என்று கொள்வோம். அப்போது ஓஎல்இடி இருபதாயிரம், மினி எல்இடி நாலாயிரத்துக்கும் கீழே. ஆட்டம் அப்படியே தலைகீழ்.

ஆக, எது சிறந்த திரை என்பதற்கு அறையின் வெளிச்சத்தைச் சேர்க்காமல் பதிலே கிடையாது. ஷோரூமில் ஓஎல்இடியை வைக்கும் மூலை பெரும்பாலும் இருட்டாக இருக்கும். அதில் ஓடும் காட்சியும் கறுப்புப் பின்னணியில் மெதுவாக விரியும் பூவாகவோ சொட்டும் வண்ணமாகவோ இருக்கும். டிவியும் கடைக்கான அமைப்பில், நீலம் தூக்கலாக இருக்கும். நாங்கள் போனபோது ஒரு பென் டிரைவில் நண்பர் வீட்டில் வழக்கமாகப் பார்க்கும் விஷயங்களையே எடுத்துப் போனோம். செய்தி வாசிப்பு, ஒரு விளையாட்டு, ஓர் இருண்ட சினிமாக் காட்சி, கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் ஒரு காட்சி. டிவியைச் சினிமா அமைப்புக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தோம். 2019-க்குப் பிறகு வந்த பல டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருக்கிறது. தேவையில்லாத மெருகூட்டல்களை எல்லாம் அது அணைத்துவிடும். ஒப்பிட அதுவே நல்லது.

இதில் ஓஎல்இடிக்கு ஒரு குறையும் கண்ணில் பட்டது. புள்ளிகள் மிக வேகமாக மாறுவதால், நொடிக்கு 24 படங்களே உள்ள சினிமாவில் கேமரா நகரும்போது ஒவ்வொரு படமும் தனித்தனியாக நின்று நின்று போவது போலத் தெரிந்தது. எல்சிடியின் மெதுவான மாற்றம் அதைக் கொஞ்சம் மழுப்பிவிடுகிறது. நண்பரின் மனைவிக்கு அது உறுத்தியது, நண்பருக்குத் தெரியவே இல்லை.

4கே-யைவிடவும் நுணுக்கமான புள்ளிகள் கொண்ட 8கே திரை வேண்டுமா என்று மகள் கேட்டாள். நல்ல கண்பார்வை ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். 65 அங்குல முழு எச்டி திரையின் ஒரு புள்ளி 0.75 மில்லிமீட்டர். 2.5 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய அந்த எல்லையிலேயே நிற்கிறது. 4கே-யின் புள்ளி அதில் பாதி. அதற்கும் கீழே போய் இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. அவள் கவனிக்க வேண்டியது வேறொன்று என்றேன். நொடிக்கு 120 படங்களைத் திரை ஏற்குமா, கன்சோலுக்கு வேண்டிய எச்டிஎம்ஐ 2.1 என்ற வேகமான கேபிள் இணைப்பு எத்தனை போர்ட்டில் இருக்கிறது என்பது. சில டிவிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் இரண்டில்தான் முழு வேகம் கிடைக்கும். சவுண்ட்பாருக்கான போர்ட்டும் அந்த இரண்டில் ஒன்றாகவே இருந்துவிடும்.

அம்மாவின் சேனலும் தேயும் புள்ளிகளும்

வெளிச்சக் கணக்கோடு முடிந்திருந்தால் திரைச்சீலை போட்டுச் சமாளிக்கலாம் என்று நண்பர் சொல்லியிருப்பார், சொல்லவும் செய்தார். முடிவை உண்மையில் தீர்மானித்தது அம்மாவின் செய்திச் சேனல்.

ஓஎல்இடியின் கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். எவ்வளவு நேரம், எவ்வளவு பிரகாசத்தில் எரிந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக வயதாகும். நீலத்துக்கு ஆயுள் மற்ற நிறங்களைவிடக் குறைவு. எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகத் தேய்ந்தால் யாருக்கும் தெரியாது. திரை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மூலையில் ஒரே சின்னம், கீழே ஒரே நிறப் பட்டை, ஒரே இடத்தில் ஓடும் எழுத்து என்று ஆண்டுக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் மற்றதைவிட அதிகமாகத் தேயும். பிறகு வேறு படம் ஓடும்போதும் அந்த வடிவம் நிழலாகத் தெரியும். இதைத்தான் பர்ன்-இன் என்கிறார்கள்.

இதைத் தள்ளிப்போட நிறுவனங்கள் நிறையச் செய்கின்றன. படத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் சில புள்ளிகள் நகர்த்துவது, அசையாத சின்னத்தைக் கண்டுபிடித்து அதன் ஒளியைக் குறைப்பது, அணைத்தபின் புள்ளிகளின் தேய்மானத்தை அளந்து சரிக்கட்டுவது எல்லாம் உண்டு. கடைசியில் சொன்னது நடக்க வேண்டுமானால் ரிமோட்டில் அணைத்தபின் டிவிக்கு மின்சாரம் தொடர்ந்து வர வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்துவிடும் பழக்கமுள்ள வீட்டில் அந்த வேலை நடக்காது. நண்பரின் அம்மா ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்துவிடுபவர். மின்சாரத்தை வீணாக்காத நல்ல பழக்கம். அதை மாற்றிக்கொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிறைய வீடுகளுக்கு ஓஎல்இடி வாங்குங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். பலவிதமான நிகழ்ச்சிகளைக் கலந்து பார்க்கும் வீட்டில் பர்ன்-இன் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே சேனல், தினம் ஐந்தாறு மணி நேரம், பகலில் முழுப் பிரகாசத்தில் என்பது வேறு கதை. இந்தத் திரைக்கு அதைவிடக் கடுமையான வேலையைத் தேடிக் கொடுக்க முடியாது.

வாரண்டிக் காகிதம்

இந்த இடத்தில் நண்பர் ஒரு வழி சொன்னார். "அப்போ ஓஎல்இடியே வாங்கிட்டு, கூடுதல் வாரண்டி எடுத்துட்டா?" அச்சம் இருக்கும் இடத்தில் காப்பு வாங்குவது நியாயமான யோசனைதான். சரி, அந்தக் காகிதத்தை வாங்கி முழுக்கப் படிப்போம் என்றேன். விற்பனையாளர் தந்தது ஒரு பக்க விளம்பரத்தாள். நிபந்தனைகள் அதில் இல்லை. கேட்டு, காத்திருந்து, பல பக்கங்கள் கொண்ட முழு ஆவணத்தையும் வாங்கினோம்.

விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது அந்த வரி. அசையாத படங்களால் திரையில் பதியும் தடங்களுக்குக் காப்பு இல்லை. அதாவது, நண்பர் எதற்குப் பயந்து பணம் கட்ட நினைத்தாரோ அதே ஒன்று வெளியே நிற்கிறது. இது இந்த ஒரு திட்டத்தின் கோளாறு இல்லை. பல திட்டங்களில் இப்படித்தான் இருக்கிறது. பர்ன்-இன்னை எழுத்தில் ஏற்கும் திட்டங்களும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்திருந்தால் ஓஎல்இடி பற்றி என் யோசனையே மாறியிருக்கும். வாய்வார்த்தையாக விற்பனையாளர் "எல்லாமே கவர் ஆகும் சார்" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரும் அந்த ஆவணத்தைப் படித்ததில்லை, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உள்ளே இருந்தன. மூன்று ஆண்டுக் காப்பு என்பது வாங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. முதல் ஆண்டு தயாரிப்பாளரின் வாரண்டியே இருப்பதால் நாம் பணம் கொடுப்பது இரண்டு ஆண்டுக்கு மட்டும். அடுத்து, தேய்மானக் கழிவு. சரிசெய்ய முடியாவிட்டால் இரண்டாம் ஆண்டில் விலையில் 70 சதவீதமும் மூன்றாம் ஆண்டில் 50 சதவீதமும்தான் தருவார்கள்.

டிவியின் விலையை 100 என்று வைத்தால் திட்டத்தின் விலை 14. டிவி முழுதாகப் போனால் திரும்பக் கிடைப்பது சராசரியாக 60. 14-ஐ 60-ஆல் வகுத்தால் 0.23. அதாவது, இந்தத் திட்டம் நமக்கு நஷ்டமில்லாமல் முடிய, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்குள் டிவி முழுதாகச் செத்துப்போக 23 சதவீத வாய்ப்பு இருக்க வேண்டும். கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. சின்னப் பழுதென்றால்? என் மேசைக்கு வருவதில் பவர் போர்டு கோளாறுகள் கணிசம். வெப்பத்தில் மின்தேக்கிகள் உலர்ந்துபோவதே அதற்குப் பெரும்பாலும் காரணம். சுற்றியுள்ள சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைச் சரிசெய்யும் செலவு திட்டத்தின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். பல டிவிகளில் பின்விளக்குப் பட்டையும் அப்படியே. பழைய சீரியல் விளக்கில் ஒன்று போனால் எல்லாம் அணைவது போல, வரிசையில் ஒரு எல்இடி போனால் அந்த வரிசையே அணையும். பார்க்கப் பெரிய பழுதாகத் தோன்றும், செலவு அவ்வளவு இல்லை. பையைக் காலி செய்யும் பழுது ஒன்றே ஒன்றுதான். அது பேனல். திரையில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்துவிட்டால், பல நேரம் பேனலை மாற்றும் செலவு புது டிவியின் விலையை நெருங்கும்.

அப்புறம், மின்னணுப் பொருள்கள் கெட்டுப்போகும் காலம் சீராகப் பரவி இருப்பதில்லை. தயாரிப்புக் குறை உள்ளவை தொடக்கத்திலேயே விழும். பிறகு ஓர் அமைதியான காலம். கடைசியில் வயதாகிப் பழுதுகள் பெருகும். தொடக்கப் பழுதைத் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்கிறார். வயதான பழுது வரும்போது கூடுதல் வாரண்டி முடிந்திருக்கும். நாம் தனியாகக் காசு கொடுத்துக் காப்பது பெரும்பாலும் அந்த நடு அமைதியைத்தான்.

பில் மேசையில் கேட்கும்போது இதெல்லாம் மனதில் வராது. ஒரு பொருளை இழப்பதன் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிதாக மனதில் நிற்கும் என்று டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். பெரிய தொகை கொடுத்து முடித்த அந்த நொடியில் அந்த வலி உச்சத்தில் இருக்கும். பிரிட்டனில் போட்டி ஆணையம் இந்தச் சந்தையை விசாரித்து, அது மக்களின் நலனுக்கு எதிராக இயங்குகிறது என்று 2003-இல் அறிக்கை தந்தது. 2005-இலிருந்து அங்கே கடைகள் வாரண்டியின் விலையைப் பொருளின் விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். வாங்கியவர் க்ளெய்ம் எதுவும் செய்யாதவரை 45 நாளுக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவரே இரண்டு ஆண்டுக்குச் சட்டப்படி பொறுப்பு. நாம் இருக்கும் இடத்தில் சட்டமே என்ன தருகிறது, பணம் செலுத்திய வங்கி அட்டை ஏதாவது காப்பு தருகிறதா என்று பார்த்த பிறகுதான் தனியாகக் காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பரின் மனைவி ஒரு கேள்வி கேட்டார். "கணக்கெல்லாம் சரிண்ணே. மூணாவது வருஷம் பேனல் போயிட்டா, அவ்வளவு பணத்தை மொத்தமா எடுக்க முடியாதே?" இந்தப் பேச்சு முழுவதிலும் இதுதான் மிகச் சரியான கேள்வி. காப்பு என்பதே நம்மால் தாங்க முடியாத இழப்புக்காகத்தான். சராசரிக் கணக்கில் நஷ்டம் என்று தெரிந்தே வீட்டுக்கும் உயிருக்கும் காப்பீடு எடுப்பது அதனால்தான். டிவி போனால் குடும்பம் நிலைகுலையும் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்த 14 அதிகமில்லை. ஆனால் அந்த நிலையில் இருப்பவர் இவ்வளவு விலையுள்ள டிவியையே தவிர்ப்பது இன்னும் பாதுகாப்பு. இந்த வீட்டில், பேனல் போனால் அம்மாவின் அறையில் சரிசெய்த பழைய டிவி இருக்கிறது. சில மாதம் பொறுத்து வாங்கலாம். அதற்குள் அதே அளவு டிவியின் விலை இறங்கியிருக்கவும் கூடும். அவருக்கு அது ஏற்புடையதாக இருந்தது.

எடுத்த முடிவும் பிறகும்

மினி எல்இடி, 65 அங்குலம். கூடுதல் வாரண்டி எடுக்கவில்லை. அதற்கான 14-இல் ஒரு சிறு பகுதியில் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கும் கருவி ஒன்றை வாங்கினார்கள். மீதியை வீட்டு உபகரணப் பழுதுக்கு என்று தனியாக ஒதுக்கிவைத்தார்கள். டிவிக்கு மட்டுமல்ல, அந்தத் தொகை துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் உதவும். வாரண்டிப் பணம் அப்படி உதவாது.

டிவியை மாட்டிய அன்று பின்விளக்கின் அளவை முழுதாக வைக்காமல் பகலுக்கு ஓர் அமைப்பு, இரவுக்கு ஓர் அமைப்பு என்று பிரித்துக் கொடுத்தேன். எல்இடி குறைந்த மின்னோட்டத்தில் ஓடினால் சூடு குறையும், ஆயுள் கூடும். சுவருக்கும் டிவிக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விட்டோம்.

எல்லாம் கச்சிதமாக அமைந்துவிடவில்லை. பக்க இருக்கையில் உட்கார்ந்தால் நிறம் வெளுத்துத் தெரிகிறது. இந்த டிவியில் இருப்பது விஏ என்ற வகை எல்சிடி பேனல், அதன் இயல்பு அது. நேராகப் பார்த்தால் நல்ல கறுப்பு, சாய்ந்து பார்த்தால் சாயம் போகும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகை எல்சிடி பேனல் என்றால் பக்கப் பார்வை நன்றாக இருக்கும், ஆனால் அதன் வேறுபாட்டு விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே நிற்கும், இரவுப் படம் சாம்பலாகிவிடும். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இரவில் வசன வரியைச் சுற்றி வரும் ஒளிவட்டம் நண்பரை இன்னமும் உறுத்துகிறது. வசனத்தின் நிறத்தை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்றிக் கொடுத்த பிறகு குறைந்தது, போகவில்லை. ஓஎல்இடியில் இது இருந்திருக்காது. அவர் விட்டுக்கொடுத்தது சின்ன விஷயமில்லை.

தயாரிப்பாளரின் ஓராண்டு வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது டிவியை ஒருமுறை முழுதாகச் சோதிக்கச் சொல்லியிருந்தேன். எல்லோரும் செய்யலாம், செலவே இல்லை. திரை முழுக்க ஒரே நிறம் வரும் படங்களை வெள்ளை, அடர் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக இருட்டறையில் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாப் போர்ட்டிலும் ஏதாவது ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். ஒலி, வைஃபை, ரிமோட் எல்லாம். தினமும் பார்ப்பவர்களுக்கு மெல்ல மெல்ல வரும் குறை கண்ணில் படாது.

மகள்தான் சோதித்தாள். அடர் சாம்பல் திரையில் இடது கீழ் மூலைக்கு அருகில் ஒரு கட்டம் மட்டும் மற்றதைவிட இருண்டிருந்தது. செய்தியிலும் கேமிலும் அது யாருக்கும் தெரிந்ததே இல்லை. அவள் அதைப் போட்டோ எடுத்து, வாங்கிய பில்லோடு நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பிப் புகார் எண் வாங்கிக்கொண்டாள். முதலில் வந்தவர் "இதெல்லாம் நார்மல்தான்" என்றார். மகள் அவர் முன்னாலேயே அந்தச் சாம்பல் படத்தைப் போட்டுக் காட்டி, பார்த்ததை வேலைத்தாளில் எழுதச் சொன்னாள். உதிரிப் பாகம் வருவதற்குள் வாரண்டித் தேதி தாண்டிவிட்டது. புகார் பதிவான தேதி அதற்கு முன்னால் இருந்ததால் பின்விளக்குப் பலகையைச் செலவில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஒதுக்கிவைத்த தொகை அப்படியே இருக்கிறது.